பட்டைக்கு அடியில் இருந்த சிவப்பு

"பானெட்டத் தொறக்கவே தெரியல, நீ ஸ்டிக்கர் செய்வியாம்மா?" என்று கேட்டார், திருப்பதியில் நான் வேலை செய்யும் ஸ்டிக்கர் கடைக்குப் பழைய அம்பாசிடரில் வந்த நரைமீசைக்காரர். எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான், விடுவேனா?

பானெட்டுக்குள் இருந்த ஏர் ஃபில்டர் டப்பாவின் ஸ்டிக்கர் ஆரஞ்சாக வெளுத்திருந்தது. அசலைப் போலவே புதிது கிடைக்காமல் பழைய கார் கண்காட்சிக்கு வண்டியை அனுப்ப மாட்டாராம். மூன்று கடைகள் ஆரஞ்சு நிறத்தில் அடித்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்துத் திருப்பிவிட்டாராம்.

"சார், டப்பாவ இறுக்கிப் பிடிச்சிருக்கிற இந்தப் பட்டையக் கழட்டுங்க" என்றேன். அடியில், ஸ்டிக்கரில் சூடும் அழுக்கும் படாத ஒரு விரல் அகலம் சிவப்பாகவே இருந்தது.

"முப்பது வருசமா தொடச்சிக்கினு கீறேன், பாக்கலியே!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

நான் அடித்த சிவப்பை அவர் சுரண்டவேயில்லை. சித்தூரில் இருக்கும் நண்பரின் காருக்கும் வேண்டுமாம். போட்டோ அனுப்பச் சொல்கிறேன் என்றார். வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு நானே பஸ் ஏறிவிட்டேன்.