பிரேக்கம்மாவும் மருந்து ஊற்றும் வாசலும்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பிரேக்கம்மா என்றால்தான் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். அவளுடைய வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அவளுக்கு ஒரு பிரேக். வாய்க்குத்தான் பிரேக்கே கிடையாது.

"கண்ணாடியப் பாருன்னா தலைமுடியச் சரி பண்றே. பின்னாடி லாரி வருது. அவன் உன் முடிய ரசிக்கவா வர்றான்?"

"கிளட்ச்ச அப்படி வெடுக்குனு விடாத. வாடகை வீட்டக் காலி பண்ற மாதிரி விடு. மனசே இல்லாம, மெதுவா."

வங்கி மேலாளர் ஒருவர் அவளிடம் கற்றுக்கொண்டபோது நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதார். கண்ணீரைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தவள், "முடிஞ்சுதா? இண்டிகேட்டரப் போட்டுட்டு அழுதிருக்கலாம்ல" என்றாள். ஆனால் அவளிடம் படித்தவர்கள் ஒருவரும் சுவரில் மோதியதில்லை. திட்டு வாங்கியதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே தங்கள் பிள்ளைகளையும் அவளிடம்தான் அனுப்பினார்கள்.

எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு டிரைவிங் ஸ்கூல் வரும்வரை. அங்கே எல்லாம் வெள்ளை வெளேரென்ற புது வண்டிகள். உள்ளே ஏசி. பாட்டு வேறு. பாதிப் பாடத்தில் இருந்த பல் டாக்டர் அம்மாகூட அங்கே தாவிவிட்டார். "ஏசி இல்லாம எனக்குத் தலைவலி வருதுங்க" என்று போனில் மென்மையாகச் சொன்னார். "நீங்க பல்லப் பிடுங்கறப்ப மத்தவங்களுக்கு வராத வலியா?" என்று கேட்டு இவள் போனை வைத்தாள். பள்ளிக்கூட விடுமுறை வந்தால்தான் கற்றுக்கொள்ள ஆள் குவியும். அதற்குள் இரண்டாவதாக ஒரு புது வண்டி வாங்கி நிறுத்தாவிட்டால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

இருந்தது ஒரு வண்டி. கணக்குக்கு இரண்டு. ஒன்று பாடம் நடத்தும் பழைய கார், அதற்கு 'ஓடுறவ' என்று பெயர். இன்னொன்று அதே மாடல், வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அது 'படுத்தவ'. உதிரிப் பாகங்களுக்காகவே வாங்கிப் போட்டது. ஓடுறவளுக்குக் கதவு போனால் படுத்தவளிடமிருந்து கதவு, விளக்கு போனால் விளக்கு. எஞ்சினை முதல் வருஷமே பிரித்து மேய்ந்தாயிற்று.

இந்த நேரத்தில்தான் கொழுந்தன் வந்து சேர்ந்தான். கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவு. எதைப் பேசினாலும் ஆஃபரில் முடிப்பதால் பெயரே ஆஃபர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, டையில் ஷோரூமின் சின்னம். இவளுடைய கணவர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பாதி நாள் வெறும் குரல். ஆகவே அண்ணன் பெயரைச் சொல்லி உள்ளே வந்து உட்கார ஆஃபருக்கு வசதி.

"அண்ணி, இத வெறும் வண்டின்னு பாக்காதீங்க. இது ஒரு ஃபீலிங்."

"ஃபீலிங்குக்கு எத்தன கியர்?"

"அஞ்சு அண்ணி."

"உனக்கு அதுல ஒண்ணாவது போடத் தெரியுமா?"

ஆஃபர் அசடு வழிந்தான். வண்டி விற்கிறவனுக்கு வண்டி ஓட்ட வராது. ஒரு காலத்தில் இவளிடம்தான் கற்க வந்தான். காய்கறிக் கடைப் படியில் வண்டியை ஏற்றித் தக்காளிக் கூடையில் நிறுத்தியதும், "உனக்கு ரெண்டு கால் இருந்து பிரயோஜனம் இல்ல, மேல மூளைன்னு ஒண்ணு வேணும், அது ஸ்டாக் இல்ல" என்று இறக்கிவிட்டாள். அவன் வேறெங்கோ போய் லைசென்ஸ் வாங்கினான். அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

அவன் கொண்டுவந்தது அரசாங்கத் திட்டம். பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் ஒரு கூப்பன் தருவார்கள். கூப்பனைக் காட்டினால் புது வண்டி விலையில் பெரிய தொகை தள்ளுபடி. ரோட்டில் புகை குறையும், ஷோரூமில் வியாபாரம் ஏறும், எல்லாரும் சிரிப்பார்கள். விளம்பரப் பலகையில் ஒரு குடும்பம் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தது.

"படுத்தவளக் குடுத்துடலாம் அண்ணி. ஓடுறவ உங்ககிட்டயே இருக்கட்டும். கூப்பன்ல புதுசு ஒண்ணு எடுத்தா உங்ககிட்ட ரெண்டு வண்டி. எதிர்த்தாப்பல இருக்கறவன் வயிறு எரிஞ்சு சாவான்."

கடைசி வாக்கியம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"படுத்தவளுக்கு எஞ்சினே இல்லயேப்பா."

"அதுதான் ஒரே ஒரு சின்ன கண்டிஷன். வண்டி உடைக்கற யார்டு வாசல சொந்த எஞ்சின்ல ஓடித் தாண்டணும். ஒரு நாளைக்கு ஓடுறவளோட எஞ்சின எடுத்து இவளுக்குப் போடுவோம். சேஸிஸ் நம்பரத்தான் பாப்பாங்க, எஞ்சின் நம்பர யாரும் பாக்கறதில்ல. உள்ள நம்ம ஆளு இருக்கான், சாயங்காலமே கழட்டிக் குடுத்துடுவான்."

"மாட்டினா?"

"அண்ணி, ஊரே இதத்தான் பண்ணுது."

அது பொய்யில்லை என்று மெக்கானிக் கொட்டகைக்குப் போனதும் தெரிந்தது. அங்கே நிற்க இடமில்லை. வருஷக்கணக்காகக் கொல்லையில் மக்கிய வண்டிகளெல்லாம் வந்து குவிந்திருந்தன. ஒன்றின் வைப்பர் இடுக்கில் செடி முளைத்துப் பூவே விட்டிருந்தது.

"எல்லாம் வாசல் வரைக்கும் ஓடினா போதும்கா" என்றார் மெக்கானிக், கையில் ஸ்பேனரோடு. "ஓடற வண்டிய ரிப்பேர் பண்ண எனக்கு நேரமே இல்ல. டாக்ஸிக்காரன் ரெண்டு பேர் பிரேக் பாக்கணும்னு நிக்கறான், திருப்பி அனுப்பிட்டேன். இப்ப செத்ததுக்குத்தான் மரியாதை."

"அவன் பிரேக் இல்லாம எவன் மேலயாவது ஏத்தினா?"

"அந்த வண்டியும் செத்துடும்ல? அப்புறம் எங்கிட்டதான வரும்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஆனாலும் ஓடுறவளின் எஞ்சின் கழன்று, சங்கிலியில் தொங்கி, படுத்தவளுக்குள் இறங்கியபோது வாயைத் திறக்கவில்லை. இரண்டு வண்டி ஆசை.

யார்டு ஊருக்கு வெளியே. வாசலுக்கு முந்தைய திருப்பத்தில் ஒரே கூத்து. வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்தும் தள்ளியும் அதுவரை கொண்டுவந்து, அங்கே சொந்தக்காரர்கள் பேட்டரியைக் கடன் வாங்கிக் கிளப்புகிறார்கள். கிளம்பியது நின்றுவிட்டால் மறுபடி கிளம்பாது என்பதால் வரிசையில் எல்லாரும் ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தபடியே இருந்தார்கள். சுத்தமான காற்றுக்கான திட்டத்தின் வாசலில் முன்னால் நிற்பவர் முதுகு தெரியவில்லை.

அவளுக்கு முன்னால் ஒரு தையல்காரர். அவர் வண்டிப் பின்சீட்டில் கோழி முட்டையிட்ட அடையாளம் இருந்தது.

"புது வண்டி எந்தக் கலர் எடுக்கப் போறீங்க?" என்று இவள் கேட்டாள்.

"வண்டியா? நானா?" தையல்காரர் சிரித்தார். "கூப்பன் அளவுக்கு அவன் வெலைய ஏத்தி வெச்சிருக்கான்ம்மா. நான் கூப்பன ஷோரூம்காரன்கிட்டயே வித்துட்டு பஸ்ல போயிடுவேன். எனக்கு ஓட்டவே தெரியாது, வாசலத் தாண்டற அளவுக்கு மெக்கானிக் சொல்லிக் குடுத்தாரு. இது மாமனார் குடுத்த வண்டி."

அவள் பின்னால் திரும்பினாள். ஆஃபர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, வேறு திசையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தையல்காரர் வண்டி வாசலைத் தாண்டியது. உள்ளே சிமென்ட் மேடை. மூக்காலேயே பேசும் அதிகாரி ஒருவர், கையில் வண்டிகளை எண்ணும் ஒரு சின்ன மெஷின், அதில் ஒரு பட்டன். வண்டி நுழைந்ததும் அழுத்தினார். ஆட்கள் எஞ்சின் ஆயிலை இறக்கினார்கள். நீல கேனிலிருந்து எதையோ ஊற்றினார்கள்.

"மிதிங்க சார், நல்லா மிதிங்க" என்றார் அதிகாரி.

தையல்காரர் மிதித்தார். எஞ்சின் முதலில் இருமியது. அப்புறம் கத்தியது. அப்புறம் உள்ளுக்குள் ஏதோ ஒன்று கடைசியாகப் பல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அவள் தன் முறை வந்து மேடையில் ஏறியதும் கண்ணாடியை இறக்கினாள். அதிகாரி பட்டனை அழுத்தி முடித்திருந்தார்.

"என்னங்க ஊத்தறீங்க?"

"மருந்துங்க மேடம். உள்ள போயி கண்ணாடி கணக்கா இறுகிடும். அந்த எஞ்சின் அப்புறம் ஜென்மத்துக்கும் ஓடாது. யாரும் கழட்டி வேற வண்டிக்குப் போட்டுடக் கூடாதுல்ல? சொந்தக்காரங்கதான் மிதிக்கணும். ரூலு."

"இது எப்பலேர்ந்து?"

"மொதல் நாள்லேர்ந்துங்க. இதோ நிக்கறாரே உங்க ஷோரூம் சார், நேத்துகூட மூணு வண்டிக்கு மருந்து ஊத்தறப்ப பக்கத்துல நின்னு வீடியோ எடுத்தாரே."

ஆஃபர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

"தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியா?"

"அண்ணி, கத்தாதீங்க. எனக்கு இந்த மாசம் டார்கெட்டுக்கு ஒரு கூப்பன் குறையுது. புதுசு வருதுல்ல? பழச எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

"ரெண்டு வண்டியாகும்னுதான்டா வந்தேன். இப்ப ஒண்ணு போயி ஒண்ணு வருது. ஏத்தின வெலையில வருது. கூடவே கடன் வருது. கொட்டகையில எஞ்சின் இல்லாம நிக்கற ஓடுறவள வெச்சு நான் யாருக்குடா பாடம் எடுப்பேன், உனக்கா?"

மேடைக்குக் கீழே ஒருவன் ஆயில் இறக்கத் தட்டை நகர்த்தினான். "கைய வெச்ச, கால்மேல ஏத்திடுவேன்" என்றாள். அவன் தட்டோடு பின்வாங்கினான். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"ஏன் சார், இந்த வரிசையில நேத்து ரோட்ல ஓடின வண்டி ஒண்ணு இருக்கா?"

"அதெல்லாம் நாங்க பாக்கறதில்லங்க. உள்ள வந்தா ஒரு வண்டி ஒழிஞ்சுது. அவ்ளோதான் கணக்கு."

"நான் குடுக்கல. வெளிய எடுத்துட்டுப் போறேன்."

அதிகாரி மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பட்டன் அமுக்கியாச்சே மேடம். கழிக்கறதுக்கு இதுல பட்டனே இல்லயே. கணக்குல உங்க வண்டி ஒழிஞ்சு போச்சு."

"அப்ப பேயி போகுதுன்னு நெனச்சுக்கங்க." அவள் கதவைத் திறந்து இறங்கினாள். "டேய் ஆஃபர், ஏறு. அந்தப் பக்கம் இல்ல. ஸ்டீயரிங் பக்கம்."

"அண்ணி! எனக்கு..."

"எஞ்சின எங்கேர்ந்து எடுத்தோம்னு இங்கயே சத்தமா சொல்லட்டுமா? நான் அபராதம் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். நீ வேலைய விட்டுட்டு எங்க போவ?"

ஆஃபர் டையைத் தளர்த்திக்கொண்டு ஏறினான். பக்கத்து சீட்டை எப்போதோ கழற்றி ஓடுறவளுக்குப் போட்டாயிற்று. அங்கே ஒரு பழைய டயர் கிடந்தது. அவள் அதன் மேல் உட்கார்ந்தாள். வண்டி பின்வாங்க, வரிசை மொத்தமும் ஒதுங்கியது. ஒதுங்கிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. இவளுக்கு விழுந்த சாபங்களில் பாதி ஆஃபரின் வெள்ளைச் சட்டையைக் குறிவைத்து வந்தவை.

படுத்தவள் ரோட்டுக்கு வந்துவிட்டாள். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகி இருந்ததால் சத்தம் லாரியைப் போல, புகை சூளையைப் போல. சிரிக்கும் குடும்பத்தின் பலகையைக் கடந்தபோது அந்தக் குடும்பம் சற்று நேரம் மறைந்துபோயிற்று.

"ரெண்டாவது போடு. அது நாலாவது. அது கியருடா, குழம்புக் கரண்டி இல்ல. என்னத்த தேடற?"

"வேர்க்குது அண்ணி."

"ஃபீலிங்குன்னியே, அதான் இது."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன். ஆஃபர் அதையே பார்த்துக்கொண்டு அப்படியே போனான். அவளுடைய கால் யோசிக்காமல் தன் பிரேக் இருக்கும் இடத்தை ஓங்கி மிதித்தது. படுத்தவளுக்கு அங்கே பிரேக் ஏது? துருவேறிய தகடு பொத்தலாகி, செருப்போடு கால் வெளியே போயிற்று. கணுக்காலுக்குக் கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

"பிரேக்குடா நாயே!"

ஆஃபர் மிதித்தான். வேனின் பம்பருக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம் வைத்து வண்டி நின்றது. வேனின் பின் கண்ணாடியில் பிள்ளைகள் மூக்கை அழுத்தி வேடிக்கை பார்த்தன. அவள் காலை மெதுவாக உருவி எடுத்தாள். கீறல்தான்.

"அண்ணி... ரத்தம்..."

"அத விடு. நாளைக்குக் காலைல எஞ்சின் ஓடுறவகிட்ட இருக்கணும். மெக்கானிக் கூலி உன் சம்பளத்துல. விடுமுறை முடியற வரைக்கும் உங்க ஷோரூம் டெஸ்ட் டிரைவுக்கு வெச்சிருக்கற ஏசி வண்டி காலைல காலைல பாடத்துக்கு என் வாசலுக்கு வரணும். நீ ஓட்டிட்டு வரணும்."

"அது முடியாது அண்ணி, மேனேஜர்..."

"மேனேஜர் நம்பரக் குடு, எஞ்சின் கதைய நானே சொல்லிக்கறேன்."

ஆஃபர் பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்தது. அவன் கிளட்ச்சை வெடுக்கென்று விட்டான். படுத்தவள் ஒரு குலுக்கு குலுக்கி மறுபடி படுத்தாள். பின்னாலிருந்து ஹாரன்கள் காதைக் கிழித்தன.

அவள் டயரில் சாய்ந்து உட்கார்ந்து, இண்டிகேட்டர் குச்சியைச் சுட்டிக் காட்டினாள்.

"மொதல்ல அதப் போடு. அப்புறம் அழு."