விதைநெல்லுக்குப் போர்த்திய கம்பளி

பத்து வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒருவருடைய பிழைப்பு கெட்டது. பிழைப்போடு அவருடைய பெயரும் கெட்டது. பொய் இரண்டே வாக்கியம்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன; ஒப்புக்கொண்ட விதமும் சரியாக அமையவில்லை. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு செட்டிபாளையத்தில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே. வயலோ வாவிக்கு அப்பால், படுவான்கரையில். அப்பா நிறைய வயல் வைத்திருக்கும் பெரிய போடியார் அல்லர். ஆனாலும் ஊர் அவரைப் போடியார் என்றுதான் அழைத்தது. வயலை முன்நின்று பார்த்தவர் எங்கள் முல்லைக்காரர். உழவு, விதைப்பு, காவல், வெட்டு எல்லாமே அவர் பொறுப்பு. அவர் அக்கரைக்காரர். உறவு எதுவும் இல்லை, ஆனாலும் நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மருமகன் என்பார். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருந்ததால், இந்த அழைப்பைக் கேட்கும்போதெல்லாம் அம்மா சிரிப்பார்.

நான் ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளை. காலில் சில்லுப் பூட்டிப் பிறந்தவன் என்பார் அப்பா. என்னை ஒரு மூலையில் இருத்துவதற்காகத்தான் சித்தப்பா அந்த வேலையைத் தந்திருக்கவேண்டும். அவர் பட்டணத்தில் ஆங்கிலம் படிப்பித்தார். விடுமுறைக்கு வந்து திரும்பும் நாளில் ஒரு கொப்பியைத் தந்து, அதன் தலைப்பில் 'வோம்' (warm) என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினார். மிதமான சூட்டுக்கு வெள்ளைக்காரன் சொல்லும் சொல். ஆனால் அதை அவன் சூட்டோடு நிறுத்துவதில்லையாம். அன்பான வரவேற்பும் வோம். குளிர்தாங்கும் உடுப்பும் வோம். மஞ்சளும் சிவப்பும் வோமான நிறங்கள். ஒளித்த பொருளைத் தேடுகிறவன் அதன் கிட்டப் போனால், அவனும் வோம் ஆகிவிடுவான். "பத்துப் பொருளில பத்து வாக்கியம். எல்லாம் இந்த வீட்டுக்குள்ளயும் வளவுக்குள்ளயும் கண்டதாயோ கேட்டதாயோ இரிக்கோணும். ஞாயிற்றுக்கிழமை வருவன். சரியா எழுதியிருந்தா ஒரு மை பேனை," என்றார்.

மூலையில் இருத்துவதற்குத் தந்த வேலை என்னை இன்னும் ஓடவைத்தது. அடைகாத்த கோழியின் அடியில் கைவிட்டுக் கொத்து வாங்கினேன். அம்மா அடுப்பிலிருந்து இறக்கிய பால் சட்டியைத் தொட்டேன். ஆட்டின் வயிற்றைத் தடவினேன். அப்பா அரைத்தூக்கத்தில் இருக்கும்போது அவருடைய உள்ளங்காலையும் தொட்டுப் பார்த்தேன். புதன்கிழமை காலையில் கொப்பியில் எட்டு வாக்கியங்கள் இருந்தன.

அந்த வாரம்தான் சிறுபோக விதைப்பு. வெள்ளிக்கிழமை வாய்க்காலில் தண்ணீர் திறப்பதாக வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை அறிவித்திருந்தார். தண்ணீர் வந்து மூன்று நாளுக்குள் அந்த வட்டையில் எல்லாரும் விதைத்துவிட வேண்டும். பிந்தியவருக்கு அந்தப் போகம் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமைக்கு நெல் முளைவிட்டு இருக்கவேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் ஊறிய விதைநெல்லைச் சாக்குச் சாக்காகத் தூக்கி வடியவிட்டு, எங்கள் கிணற்றடிக் கொட்டிலில் வைக்கோல் பரப்பிக் கிடத்தியிருந்தார்கள். மேலே வைக்கோல், அதற்குமேல் ஈரச்சாக்கு. மூடிய நெல் தானாகவே சூடு பிடிக்கும். சூடு குறைந்தால் முளை பிந்தும். கூடினால் நெல் செத்துவிடும். அந்த அளவு முல்லைக்காரரின் கையில் இருந்தது. முழங்கை வரை நெல்லுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "பால் குடிச்சித்து நித்திரையாகிற பிள்ளைட கக்கத்தப் போல இரிக்கோணும், மருமகன்," என்பார்.

விதைநெல் மூடியிருக்கும் நாட்களில் முல்லைக்காரர் அதைவிட்டு அசையக்கூடாது. அது எழுதாத சட்டம். புதன்கிழமை விடியலில் அவர் என்னைக் கிணற்றடிக்கு அழைத்தார்.

"மருமகன், ஒரு உதவி செய்யோணும். சின்னவளுக்கு ராவு தொடக்கம் உடம்பு சுடுகுதாம். தோணியில ஆள் அனுப்பியிரிக்கா மாமி. பரிசாரியாரிட்டக் காட்டி மருந்து வாங்கிக் குடுத்தித்து நாளைக்கு வந்திருவன்."

"அப்பாக்குச் சொல்லட்டா?"

"ஐயோ, வாயத் திறந்திராதீங்க. நெல்ல விட்டுப் போனன் எண்டு தெரிஞ்சா போடியார் என்னையும் ஊறப்போட்டிருவார்." சிரித்தார், ஆனால் கண் வாவிப்பக்கமே இருந்தது. "மத்தியானம் ஒருக்கா, பொழுதுபட ஒருக்கா மூடியத் தூக்கிக் கைய விட்டுப் பாருங்க. சூடு கூடியிருந்தா தண்ணி தெளிச்சித்து, ஒரு சாக்க எடுத்து அங்கால போடுங்க."

"கூடியிருக்கா எண்டு எப்பிடித் தெரியும்?"

"இங்கிலீசு படிக்கிற ஆளுக்கு இது தெரியாதா?"

அவர் தோணியில் ஏறுவதற்குள் நான் கொப்பியைத் திறந்துவிட்டேன். இலேசான காய்ச்சலுக்கும் அந்தச் சொல் பொருந்தும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். மாமாவின் மகள் வோமாக இருக்கிறாள். ஒன்பதாவது வாக்கியம். அந்தப் பிள்ளையின் காய்ச்சல் எனக்கு அன்று அவ்வளவுதான்.

வானம் மூடிக் கிடந்தது. மத்தியானச் சோற்றின்போது அப்பா, "இந்த மப்புக்கு முளை பிந்தப்போகுது," என்று இரண்டு தரம் சொன்னார். நான் கொட்டிலுக்கு ஓடினேன். கையை விட்டேன். நல்ல சூடு. மழைக்குளிரில் அந்தச் சூடு தோள்வரை ஏறியது. கையை எடுக்க மனம் வரவில்லை. தண்ணீர் தெளிக்கச் சொன்னதும் சாக்கை எடுக்கச் சொன்னதும் நினைவில் இருந்தன. ஆனால் என் கொப்பியில் இருந்த ஒன்பது பொருளில் எட்டு நல்லவை. கெட்டது என்று சொல்லக்கூடிய ஒன்றும் லேசான கெடுதிதான். அப்படிப்பட்ட ஒன்று கூடினால் என்ன பிழை? முளை பிந்தாமல் வந்தால் அப்பாவும் மகிழ்வார், மாமாவும் மகிழ்வார், என் பத்தாவது வாக்கியமும் கிடைத்துவிடும்.

அப்பாவின் கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன். களத்தில் நெல் மூடும் தடித்த படங்கை இழுத்து அதற்குமேல் போட்டேன். ஓரங்களில் கல் வைத்தேன். வைக்கோலில் குந்தியிருந்தே பத்தாவது வாக்கியத்தை எழுதினேன்: விதைநெல் வோமாக இருக்கிறது. பொழுதுபட நான் பார்க்கப் போகவில்லை. பத்தும் முடிந்துவிட்டதால் விளையாடப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் கொட்டிலில் புளித்த வாடை அடித்தது. அப்பா படங்கை இழுத்தெறிந்தார். கம்பளியிலிருந்து ஆவி எழுந்தது. ஒரு பிடி நெல்லை அள்ளியவர், கை சுட்டு உதறினார். கஞ்சிபோல் வழவழவென்றிருந்தது நெல். ஒரு முளை இல்லை. அந்த நேரம்தான் முல்லைக்காரர் வாவிக்கரையிலிருந்து ஏறி வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"எங்க போன நீ?"

அவர் நெல்லைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "உன்னட்ட ஏதும் சொல்லித்துப் போனவனா?"

"ஒண்டும் சொல்லல்ல," என்றேன். பிறகு, கேட்காமலே, இதையும் சேர்த்தேன்: "கம்பளிய அவர்தான் கேட்டு வாங்கினவர்."

வாவிக்காற்றில் படங்கின் ஓரம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து வைக்கோலுக்குள் இருந்து எதையோ எடுத்தார். என் பென்சில். முந்தின நாள் அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதைத் துடைத்து என் கையில் தந்தார்.

"உங்கட பென்சில், மருமகன்."

அவ்வளவுதான். அப்பா, இனி வட்டைப் பக்கம் வரவேண்டாம் என்றார். மாமா தோளில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனார். வேறு விதைநெல் கிடைக்காமல் அந்தப் போகம் எங்கள் வயல் சும்மா கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா அவரைத் திட்டினார். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து பத்து வாக்கியங்களையும் படித்து, ஒன்பதாவது மிக நுட்பம் என்று தட்டிக்கொடுத்தார். அந்தக் காய்ச்சல் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பேனை கிடைத்தது. பள்ளிப் பரீட்சைகளை எல்லாம் அந்தப் பேனையால்தான் எழுதினேன்.

வேறு போடியார்கள் அவரைச் சேர்க்கவில்லை. 'விதைநெல்லை அவித்த முல்லைக்காரன்' என்றார்கள். 'போடியாருக்குப் புழுங்கல் அரிசி குடுத்தவன்' என்றும் சொல்லிச் சிரித்தார்கள். போகப்போகப் பெயர் சுருங்கி 'அவிச்சவர்' என்று நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் காத்தான்குடிக்கு உடுப்புத் துணி வாங்கப் போனபோது, ஒரு கடைவாசலில் அவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூட்டையோடு நின்றார்.

"ஆ, மருமகன்! வளந்திட்டீங்க. இங்கிலீசு எப்பிடி?"

நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். "வெக்கப்படுறான்," என்றார் அம்மா.

நானும் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியரானேன். அந்தச் சொல்லை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதினேன். ஒவ்வொரு முறையும் எட்டுப் பொருள் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அப்பா இறந்து வயல் எனக்கு வந்தது. சண்டைக் காலத்தில் அக்கரைக்குப் போக முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சண்டை முடிந்த பிறகு அவர் இறந்த செய்தி வந்தது. இனிப் போய் என்ன என்றேன். ஆனால் இரவில் புரண்டு படுப்பது குறையவில்லை. கம்பளி போர்த்தால் எனக்கு இன்றும் நித்திரை வராது.

போன சிறுபோகத்துக்கு முன் வட்டைக் கூட்டம் நடந்தது. வயல்காரன் என்ற உரிமையில் நானும் போனேன். எந்த இடத்தில் அவர் பெயர் கெட்டதோ அந்த இடத்திலேயே திருத்தவேண்டும் என்பது என் எண்ணம். பல நாள் எழுதி எழுதிப் பார்த்த பேச்சு சட்டைப்பையில் இருந்தது. எழுந்தேன்.

"சேர், தண்ணி திறக்கிற திகதியத்தான் இப்ப பேசுறம்," என்றார் வட்டை விதானை. அவர் என்னிடம் படித்தவர்.

"ஒரு நிமிசம்," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நெல்லைக் கெடுத்தது நான், பொய் சொன்னது நான், அவிச்சவர் என்ற பெயர் எனக்குரியது என்றேன். கொட்டகையின் பின்வரிசையில் இருந்த ஓர் இளைஞன் கேட்டான்.

"சேர், அவிச்சவர் வீடு எண்டா நெல்லவிச்சு விக்கிற குடும்பமாக்கும் எண்டுதான் நாங்க நினைச்சம். அப்ப விதைநெல்லையா அவிச்சிருக்கி?"

கொட்டகை முழுவதும் சிரித்தது. "அவர் இல்ல, நான்!" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. சிரிப்புக்கு நடுவே, உழவு மெசின் ஓட்டும் ஒரு பையன் தலையைக் குனிந்தபடி எழுந்து வெளியே போனான். அவன் முல்லைக்காரரின் மகளுடைய பேரன் என்று பிறகுதான் சொன்னார்கள்.

அடுத்த நாள் அவன் வீட்டைத் தேடிப்போனேன். அந்த மகள் கிணற்றடியில் நின்றார். தலை முழுதும் நரை. நான் யார் என்று சொல்லத் தேவைப்படவில்லை.

"வாங்க சேர். பேரன் நேத்து சோறு தின்னல்ல."

நான் கொண்டுபோன சொற்கள் எல்லாம் கலைந்துவிட்டன. எங்கள் வயலை அவர்கள் பேருக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"அது வேணாம், சேர். அந்த வயல் வரம்பில எங்கட பொடியன் கால் வைச்சா இனி அந்தக் கதைதான் வரும். ஏன் எண்டு தெரியாமத்தான் எல்லாரும் அந்தப் பேரச் சொல்லித்து இருந்தவங்க." அவர் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "கூட்டத்துக்குப் போக முந்தி என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பேசாம இருங்க எண்டு."

"உங்கட அப்பா என்னைப் பற்றி ஏதும்..."

"மருமகன் இங்கிலீசு படிப்பிக்கிறாராம் எண்டு சொல்லுவார். வேற ஒண்டும் சொன்னதில்ல."

கிணற்றடியில் ஈரச்சாக்கு மூடி விதைநெல் கிடந்தது. அவர் போய் ஓரத்தைத் தூக்கிக் கையை விட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களும் பாருங்க."

முட்டி மடக்கக் கஷ்டப்பட்டுக் குந்தினேன். முழங்கை வரை விட்டேன். அதே சூடு, அன்றுபோலவே தோள்வரை ஏறியது.

"எப்பிடி, சரியா? கூடவா?"

"தெரியல்ல," என்றேன்.

அவர் ஒரு சாக்கை எடுத்து அப்பால் போட்டார். தண்ணீர்ச் சிரட்டையை என் கையில் தந்து, "தெளியுங்க. நான் சொல்லக்க நிப்பாட்டுங்க," என்றார். தெளித்தேன். நெல்லுக்குள் இருந்து மெல்லிய ஆவி வந்தது. ஒரு துரும்பு என் விரலில் ஒட்டியது. அன்று மாமா பென்சிலைத் துடைத்துத் தந்தபோது, பாவம், இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். தப்பிவிட்டேன் என்று மகிழ்ந்துகொண்டே அதை வாங்கினேன்.

"போதும், சேர்," என்றார்.

நிறுத்தினேன்.