மின்விசிறிக் கொக்கியில் ஒரு வளையம்

மீனலோசனிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கோலாலம்பூரை அடுத்த சுங்கை வே என்ற இடத்தில் வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில், பத்தொன்பது வருட வேலை. பட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பெட்டியைக் காதருகே வைத்துக் கேட்டால், அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவாள்.

1995 நவம்பர் மாதம். யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டு, சனங்கள் ஊரோடு வெளியேறிவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் கணவர் சிவசம்பு கல்யாணத்துக்காக அந்த ஊரிலிருந்து கோலாலம்பூர் வந்தவர். தாயில்லாத அவரை வளர்த்த ஒரே அக்கா புஷ்பவல்லி அங்கேதான் இருந்தார். தபால் இல்லை, தொலைபேசி இல்லை. அக்கா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல், அந்த மனிதர் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். பெற்ற பிள்ளை பட்டினி கிடப்பதைப் பார்ப்பது போல மீனலோசனிக்கு நெஞ்சு வெடிக்கும்.

ஒரே ஒரு வழி இருந்தது. தினமும் மாலை ஏழரைக்கு, இலங்கையிலிருந்து வரும் ஒலிபரப்பில், இடம்பெயர்ந்தவர்கள் உறவினருக்கு அனுப்பும் செய்திகளை வாசித்தார்கள். குரல் கேட்கும், பெயர் கேட்காது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், அவர்கள் தெருமுனையில் புதிதாக வந்த கடைவரிசையின் நியான் விளக்குகள் அந்த நேரத்தில்தான் எரியத் தொடங்கும். உடனே பெட்டி கரகரவென்று அலறும்.

அந்த வரிசையில் துணிக்கடை வைத்திருந்த நஜ்முதீனிடம் போய்ச் சொன்னதும் அவர் தன் விளக்கை ஒரு மாலை முழுக்க அணைத்தே வைத்தார். இரைச்சல் குறையவில்லை.

"நான் அணைச்சாச்சு அக்கா. மத்த பதினோரு கடைக்காரனும் கேக்க மாட்டான் லா. தீபாவளி போனா கிறிஸ்மஸ் சேல் வந்துருச்சு."

"நீங்களும் போட்டுக்குங்க தம்பி. வெளக்கு எரியட்டும். நான் வேற வழி பாக்குறேன்" என்றாள் மீனலோசனி.

தொழிற்சாலையில் பொறியாளர்கள் ஆன்டெனாக்களைச் சோதிக்க ஒரு கணினி மென்பொருள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கம்பியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்களாகக் கொடுத்தால், அந்த ஆன்டெனா எந்தத் திசையில் நன்றாகக் கேட்கும், எந்தத் திசையில் செவிடாகும் என்று திரையில் வரைந்து காட்டும். மதிய இடைவேளையில் அதன் முன் உட்கார அனுமதி வாங்கினாள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எண்களைத் தட்டினாள். மூன்றடிச் சதுரமாக ஒரு சின்னக் கம்பி வளையம். திரையில், எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்டது போல ஒரு படம் வந்தது. வளையத்தின் விளிம்பு நீட்டும் பக்கம் காது. முகம் பார்க்கும் பக்கம் செவிடு. இலங்கை மேற்கே, கடைவரிசை வடக்கே. விளிம்பை மேற்கே வைத்தால் முகம் தானாகக் கடைகளைப் பார்க்கும்!

மரச்சட்டம் அடித்து, செம்புக் கம்பி சுற்றி, ஆன்டெனா என்றால் எல்லாரும் வைக்கிற இடத்திலேயே, சன்னலோரம் தொங்கவிட்டாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கரகரப்பு. மூன்று வார உழைப்பு ஒரு நிமிடத்தில் பொய்த்துப் போனது.

சிவசம்பு வெடித்தார். "உம்மட கம்ப்யூட்டர் சுங்கை வேயில குளுகுளுவெண்டு இருக்கு. அதுக்கு எங்கட வீட்டைப் பற்றி என்ன தெரியும்?"

அந்தச் சொல் அவளைச் சுட்டது. ஆனால் அடுத்த கணமே கண்கள் விரிந்தன. உண்மைதானே! கணினிக்கு இந்த வீடு தெரியாது. திருடனுக்குப் பயந்து சன்னல் முழுக்கப் போட்டிருந்த இரும்புக் கிரில் அதற்குத் தெரியாது.

தையல் நாடாவை எடுத்து வந்து கிரிலை அளந்தாள். நிமிர்ந்த கம்பி பதினேழு, குறுக்கே இரண்டு, சுற்றிலும் சட்டம். மறுநாள் அத்தனையையும் வளையத்துக்குப் பக்கத்தில் எண்களாக நட்டாள். படத்தில் எட்டின் ஒடுங்கிய இடுப்பு ஊதிப் போயிற்று. செவிட்டுத் திசையே இல்லை. பிறகு வளையத்தை அடி அடியாகத் தள்ளி வைத்துப் பார்த்தாள். எட்டாவது அடியில் இடுப்பு மறுபடி ஒடுங்கியது.

வீட்டில் சன்னலிலிருந்து எட்டு அடி அளந்து நிமிர்ந்தாள். நேர் மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, ஏணி எடுங்க."

"ஏன்?"

"ஃபேனைக் கழட்டணும்."

"பைத்தியமா உமக்கு? இந்த வெக்கையில சாகச் சொல்லுறீரோ?"

"அக்காவுக்காக வேர்க்க மாட்டீங்களா?"

அவர் ஏணியைக் கொண்டுவந்து பிடித்தார்.

அன்று மாலை, மின்விசிறி இருந்த கொக்கியில் தொங்கிய வளையத்தை விரலால் மெல்லத் திருப்பினாள். இரைச்சல் தேய்ந்தது, தேய்ந்தது, ஒரு நூலாகி அறுந்தது. வெளியே பன்னிரண்டு கடைகளும் பளபளவென்று எரிந்துகொண்டிருக்க, ஒவ்வொரு பெயரும் கூடத்தில் தெளிவாக விழுந்தது. முதல் நாள் அந்தப் பெயர் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது.

"சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் புஷ்பவல்லி, கோலாலம்பூரில் உள்ள தம்பி சிவசம்புவுக்கு: நான் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

சிவசம்பு குலுங்கிக் குலுங்கி அழுதார். வியர்வை எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மீனா, சோறு போடும்" என்றார்.

மறுநாள் செய்தி கேட்டு ஓடி வந்த நஜ்முதீன், சட்டையால் விசிறிக்கொண்டே, "ஃபேன் எங்க அங்கிள்?" என்று கேட்டார்.

"ஃபேனா? மேல பாரும் ஐசே" என்றார் சிவசம்பு, மார்பை நிமிர்த்தி. "பன்னிரண்டு கடையின்ர வாயை அடைச்சவ என்ர மனுசி."