எங்கள் வீட்டுத் தேன்சிட்டு

தேன்சிட்டு வருவதற்கு முன் அதன் குரல் வரும். கட்டைவிரல் பருமனுள்ள ஓர் உடலிலிருந்து அத்தனை கூர்மையான ஒலி எப்படி எழுகிறது என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை; இன்றும் முழுதாக விளங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். குரல் கேட்டதும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கணம் இட்லிப்பூச் செடியின் கொப்பு ஒன்று சற்றே தாழும். அங்கே அது இருக்கும். நிழலில் வெறும் கரிய பறவை. அரை அடி நகர்ந்து வெயிலுக்கு வந்தால் போதும், கழுத்தில் ஊதாவும் பச்சையும் ஒருங்கே பற்றிக்கொள்ளும். உட்காரக் கொப்பு கிடைக்காதபோது பூவுக்கு எதிரே காற்றிலேயே சிறகடித்து நிற்கும். அந்த இரண்டு நொடிக்காகப் பள்ளிக்குத் தாமதமாகப் போய் முட்டி போட்டிருக்கிறேன். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

எங்கள் ஊர் ஏரியூர்ப் பக்கம். வீட்டின் பின்புறத்தில் முன்பு ஒரு முருங்கையும் துணி துவைக்கும் கல்லும் மட்டுமே இருந்தன. அதைத் தோட்டமாக்கியவள் அப்பாவின் தங்கை, எனக்கு அத்தை. அப்போது அவளுக்கு இருபது வயதிருக்கலாம். குளித்த நீர் ஓடும் வழியெல்லாம் இட்லிப்பூ, மாதுளை, கல்வாழை என்று சிவப்பாகப் பூப்பவையாகவே நட்டாள். பறவைக்கு எது பிடிக்கும் என்று அவளுக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டாள். காலையில் கல்வாழை இலைகளின்மேல் அவள் நீர் தெளித்துவிட்டு நகர்ந்ததும் தேன்சிட்டு வந்து ஈர இலையில் சறுக்கிச் சறுக்கிக் குளிக்கும். சிவப்புப் பூக்களில் கை வைக்க வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை. சாமி படத்துக்குக்கூட வெள்ளை நந்தியாவட்டைதான்.

மாட்டுக்கொட்டகையில் ஒட்டடை அடிக்கவும் அவள் விடவில்லை. பறவை அங்கிருந்துதான் சிலந்தி நூல் எடுத்துச் சென்றது. இதனால் அம்மாவுக்கும் அவளுக்கும் வாரம் ஒரு முறையாவது மோதல் நிகழும்.

"பொண்ணு பாக்க வர்றவங்க மொதல்ல ஒட்டடையத்தான் பாப்பாங்க" என்பாள் அம்மா.

"அதுக்குக் கூடு கட்ட நூல் வேணும்ல அண்ணி? பட்டு நூலா கேக்குது?"

"உனக்குக் குருவியத்தான் மாப்பிள்ளையாப் புடிக்கணும்."

"புடிங்களேன். சோத்துச் செலவு மிச்சம்."

அந்த ஆண்டு மாதுளைக் கொப்பில் கூடு தொங்கத் தொடங்கியது. பெட்டைதான் கட்டியது. ஆண் குருவி அருகில் அமர்ந்து மேற்பார்வை பார்த்தது; அதைக் கண்டு அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த இலை, பஞ்சு என்று ஒவ்வொன்றாகப் பெட்டை நூலில் கோத்துக்கொண்டே போனது. ஒரு நாள் அந்தக் கூட்டின் வயிற்றில் என் கணக்கு நோட்டின் நீல அட்டைத் துண்டு ஒட்டியிருக்கக் கண்டேன். என் நோட்டு ஒரு பறவையின் வீட்டுச் சுவராகிவிட்டது. அன்று பள்ளியில் அதைத் தவிர வேறு எதையும் நான் பேசியதாக நினைவில்லை. பத்து நாளில் உள்ளே முட்டை இருப்பதாக அத்தை அறிவித்தாள். அவள் எப்போது எட்டிப் பார்த்தாள் என்று கேட்டதற்கு, பெட்டை வெளியே வராத நேரத்தைக் கணக்கிட்டாலே தெரியும் என்றாள்.

இந்தப் பரபரப்புக்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்புறம் வந்தார். துண்டோடு நான் நின்றேன். சொம்போடு அத்தை நின்றாள். அந்த நேரம் பார்த்துக் குரல் வந்தது. பின்னாலேயே பறவையும் வந்தது. அவர் ஈரக் கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இது தெனமும் வருமாங்க?"

"கூடே இங்கதாங்க இருக்குது. மெல்லப் பேசுங்க."

"எங்க வூட்லயும் முருங்க இருக்குதுங்க. எட்டிக்கூடப் பாக்காது."

"முருங்க மட்டும் போதாதுங்க. செவப்பா எதாச்சும் வெக்கணும்."

"வெச்சா வந்துருங்களா?"

"மூணு மாசம் பொறுத்துப் பாருங்க."

"அத்தன நாளு பொறுக்கணுங்களா?"

அத்தை சிரிப்பை முந்தானையால் மறைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாங்கள் இருவரும் ஆண்டுக்கணக்கில் காத்துக் கண்டுபிடித்த இரகசியத்தை, அரை மணி நேரத்துக்கு முன் வந்த ஒருவருக்கு அவள் வாரி வழங்கிக்கொண்டிருந்தாள். அதோடு நிற்கவில்லை. நடுவதற்கு ஒரு கொப்பு கிடைக்குமா என்று அவர் கேட்டார். சாமிக்கே பூத் தராதவள், மறு பேச்சின்றி இட்லிப்பூச் செடியில் ஒரு கொப்பை ஒடித்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "கை கழுவப் போனவரு காபி ஆறுன பொறவுதான் வந்தாருங்க. உங்க தங்கச்சிக்குப் புடிச்சுப் போச்சு."

"ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு முடிச்சரலாம்" என்றார் அப்பா. அம்மனை எங்கள் பக்கத்தில் ஆத்தா என்போம்.

நான் அம்மாவிடம் கேட்டேன்: "அத்த போயிட்டா குருவி?"

"அதையும் சீரோட சேத்து அனுப்பிடலாம் சாமி" என்றாள் அம்மா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே. அதை நான் தீர்மானிக்கப்பட்ட செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். கூடு, முட்டை, என் நீல அட்டை எல்லாம் கடத்தூருக்குப் போகப்போகின்றன.

ஆத்தாவிடம் கேட்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து, ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பொட்டலங்களாகச் சன்னிதியில் வைப்பார்கள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் ஆத்தாவுக்குச் சம்மதம். சிவப்பு என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். மடிப்பதும் ஒரு குழந்தைதான், யார் கண்ணிலும் படாமல், கோயில் சுவருக்குப் பின்னால். குழந்தைக்குச் சூது தெரியாது என்பது ஊரின் நம்பிக்கை. எஞ்சிய பொட்டலத்தை எவரும் பிரிக்கக் கூடாது. கோயில் கிணற்றில் அப்படியே போட்டுவிட வேண்டும்.

மடிக்கும் வேலை எனக்கு வந்தது. வழியில் வாடினாலும் வாடும் என்று அம்மா இரண்டு நிறத்திலும் இரண்டிரண்டு பூ கொடுத்திருந்தாள். சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பெரும் காரியம் ஒன்றைச் செய்கிறோம் என்ற குதூகலமே இருந்தது. இரண்டு இலைகளிலும் சிவப்பையே வைத்து மடித்தேன். வெள்ளைப் பூக்களைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து நெடுநேரம் யோசித்து ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வேண்டாங்குது" என்றார். அம்மா பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கடத்தூருக்குத் தகவல் போனது.

அதன் பிறகு வந்த வரன் எதற்கும் அத்தை இசையவில்லை. அந்த வீட்டிலேயே, அந்தத் தோட்டத்தோடு, தன் ஆயுளைக் கழித்தாள். என்னைப் படிக்க வைத்ததில் பாதிப் பங்கு அவளுடையது. சென்ற மாதம் அவளுக்குக் கொள்ளி வைத்தவன் நான்.

கோயிலில் பூக் கேட்ட அன்று, எஞ்சிய பொட்டலத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி அதை எடுத்துக்கொண்டு நடந்தவள் அத்தைதான். நானும் பின்னால் போனேன். கிணற்று மேட்டில் நின்று, ஊரில் எவரும் செய்யத் துணியாததைச் செய்தாள்; பொட்டலத்தைப் பிரித்தாள். பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மடிப்புக் குலையாமல் மீண்டும் மடித்து நீரில் விட்டாள். அது மூழ்காமல் மிதந்தது.

"வெள்ளப் பூவு எங்கடா?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். கசங்கியிருந்தன.

"எதுக்குடா இப்பிடிப் பண்ணுன?"

"குருவியக் கொண்டு போயிருவாங்கல்ல?"

கோயில் பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது. எல்லாரையும் புறப்படச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் பூசாரி போகவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் மறுபடியும் பூ வைத்துக் கேட்டிருப்பார்கள்.

"அப்பாகிட்டச் சொல்லிறாத" என்றாள் அத்தை. "ஆத்தா காரியத்துல வெளையாண்டன்னு தோல உரிச்சுப்புடுவாரு."

"நீ சொல்லிருவியா அத்த?"

"நான் ஏன்டா சொல்றேன்?"

என் உள்ளங்கையிலிருந்த வெள்ளைப் பூக்களை அவள் எடுத்துக்கொண்டாள். கிணற்றில் போடவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளும் என் கட்சிதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. முட்டை பொரிந்திருக்குமா என்று பார்க்க, அவளுக்கு முன்னால் வீட்டை நோக்கி ஓடினேன்.