பையில் எல்லாம் இருக்கிறது

அண்ணாமலை நகர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் தானாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கூடப் போகிற தோழி ஊருக்குப் போய்விட்டாளாம். "ஞாயித்துக்கெழம ஜியோகேச்சிங் போறேன், வரியாப்பா?" என்றாள். யாரோ ஒருவர் குட்டி டப்பாவை எங்காவது ஒளித்துவிட்டு, இடத்தின் குறிப்பை இணையத்தில் போடுவார். போனைப் பார்த்தே தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பேரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இதில் என்ன லாபம் என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிடுவாளா என்பதே என் கவலை.

"நீ வெறுங்கைய வீசிக்கிட்டு வா. எல்லாம் அப்பா எடுத்தாரேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன்.

மஞ்சக்குப்பம் வீட்டுக் கூடத்தில் கடை பரப்பினேன். டார்ச், நைலான் கயிறு, கையுறை, ரெயின்கோட், கொத்துக்கரண்டி. குழாய்க்குள் டப்பா விழுந்திருந்தால் இழுக்க, பழைய ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தம்.

"ஏங்க, டப்பா தேடப் போறீங்களா, போர் போடப் போறீங்களா?" என்றாள் மனைவி. கோழிக் குழம்பும் சோறும் அடைத்த டிபன் பாக்ஸைப் பைக்குள் திணித்தாள். அதன்மேல் காகிதத்தில் சுற்றிய ஒரு கரித்துண்டு. காலைப் பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு வந்தவள்தான். ஆனால் கறிச்சோறு படி தாண்டினால் கரி கூடப் போக வேண்டும், இல்லாவிட்டால் காத்து கருப்பு ஒட்டிக்கொள்ளும்.

"இந்தக் காலத்துல பேயாவது?"

"ஒங்களப் பாத்தா அதுவே ஓடிடும். நான் புள்ளைக்காக வெக்கிறேன்."

பஸ்ஸில் கண்டக்டர், "வீடு மாத்துறீங்களா சார்?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மகள் பையைத் திறந்து பார்த்தாள். "அப்பா, தோண்டவே கூடாதுன்னு ரூல் இருக்கு." கொத்துக்கரண்டி அடியில் போயிற்று.

அண்ணாமலை நகரில் மரத்தடிச் சாலை. பையை மார்போடு அணைத்தபடி அவள் போனை எட்டிப் பார்த்தேன். திசைகாட்டி முள் கிறுகிறுவென்று சுற்றி என் தொப்பையைக் காட்டியது.

"உள்ள என்ன வெச்சிருக்க?"

"காந்தம்."

"நீ கொஞ்சம் தள்ளியே நில்லுப்பா."

தள்ளி நின்றேன். உடனே முள் தெளிந்தது. சிமெண்டுப் பெஞ்சுக்கு அடியில் கைவிட்டு, குங்குமச் சிமிழ் அளவு டப்பா ஒன்றை எடுத்தாள். சுருட்டிய தாளைப் பிரித்துக் கை நீட்டினாள்.

"பேனா குடு."

பையைக் குடைந்தேன். கயிறு வந்தது. கையுறை வந்தது. காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கொத்துக்கரண்டியும் வந்தது.

"எல்லாம் எடுத்தாரேன்னு சொன்னியேப்பா. பேர் எழுதலன்னா கண்டுபுடிச்சதாவே சேராது."

போகிற வருகிறவர்களிடம் கேட்கவும் வழியில்லை. என்ன ஏது என்று விசாரித்தால் ஒளித்த இடம் அம்பலமாகிவிடும். கவிழ்த்த பையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். மழையைச் சமாளிப்பேன், இருட்டைச் சமாளிப்பேன். ரெண்டு எழுத்து எழுத வக்கில்லை.

"சோறாவது இருக்கா?" என்று டிபன் பாக்ஸை எடுத்தவள், காகிதத்தைப் பிரித்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். கரியைப் பெஞ்சில் உரசிக் கூராக்கினாள். தன் முதலெழுத்தை எழுதி, பக்கத்தில் என்னுடையதையும் போட்டாள். அப்பிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

சாப்பிடும்போது, "அடுத்த தடவையும் வாப்பா. பை வேணாம். அம்மாகிட்ட கரி மட்டும் வாங்கியா" என்றாள்.

கயிற்றையாவது எடுத்து வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கையில் கோழிக்கால் இருந்தது. அதை வைத்து வாயை அடைத்துக்கொண்டேன்.