ஆதாரம்: நனைந்தேன்

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. லண்டன் ரெய்னர்ஸ் லேனில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் செத்துப்போன ஒருவர் எனக்கு ஒரு திருத்தம் அனுப்பினார்.

சிரிக்காதீர்கள். முதலில் இருந்தே சொல்கிறேன்.

நான் பிறந்தது பிரான்ஸில் ஒரு சின்ன நகரத்தில். வீட்டுக்குப் பின்னால் உதைபந்தாட்ட மைதானம். கோல் விழுந்தால் எங்கள் குசினி யன்னல் அதிரும். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது குடும்பத்தோடு லண்டனுக்கு வந்துவிட்டோம். மைதானம் அங்கேயே நின்றுவிட்டது, கழகம் மட்டும் என்னோடு வந்துவிட்டது. (ஊரைச் சொன்னால் எந்தக் கழகம் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் வேண்டாம்.) பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அந்தக் கழகத்தின் ரசிகர்கள் நடத்தும் ஓர் இணையத்தளத்தில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, பைத்தியம் மட்டும்தான். ஒரு நிமிஷமாவது அந்தக் கழகத்துக்காக விளையாடிய ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பக்கம் எழுதுவதுதான் எங்கள் வேலை. பக்கத்தின் ஓரத்தில் கட்டங்கள் இருக்கும்: பிறந்த இடம், விளையாடிய கழகங்கள், ஆட்டங்கள், கோல்கள், மறைவு.

காலியான கட்டத்தைக் கண்டால் எனக்குக் கை துருதுருக்கும். நிரப்பாமல் நித்திரை வராது. அதுதான் என் வியாதி.

ஓய்வுபெற்ற ரசிகர் ஒருவர், போட்டி நாளில் மைதானத்தில் விற்கும் சின்னப் புத்தகங்களில் பழையவற்றை ஸ்கான் பண்ணி அனுப்பியிருந்தார். அதில் ஒரு பாதிப் பக்கம். இருபத்தேழு வயதிருக்கும் முன்கள வீரர் ஒருவரின் முகம். சுற்றிவரத் தடித்த கறுப்புச் சட்டம். முகத்துக்குக் கீழே இரண்டு தேதிகள், நடுவில் ஒரு சின்னக் கோடு. அதற்குக் கீழே தாள் கிழிந்திருந்தது.

நீங்களே சொல்லுங்கள், ஒரு தமிழ் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது வேறு என்னவாகத் தெரியும்? கறுப்புச் சட்டத்துக்குள் படமும் இரண்டு தேதியும். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கும் எத்தனை அறிவித்தல்களைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன்! எனக்கு ஒரு நொடி கூடச் சந்தேகம் வரவில்லை. முதல் தேதியைப் பிறப்பு என்ற கட்டத்திலும் இரண்டாவதை மறைவு என்ற கட்டத்திலும் போட்டேன். சும்மா போடவில்லை. ‘இளம் வயதிலேயே எங்களைப் பிரிந்த இடதுகால் மின்னல்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். நல்லாய் எழுதியிருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதத்துக்குள் வேறு ஐந்தாறு தளங்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டன. அந்த ‘மறைந்த நாள்’ வந்தபோது ரசிகர்கள் மெழுகுதிரிப் படம் போட்டார்கள். ஒரு பெண் எங்கள் பக்கத்தின் கீழே கொமென்ட் எழுதினார்: ‘இவர் என் அப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். இத்தனை வருஷமாகத் தேடினேன். எங்கே தேடுவதை நிறுத்துவது என்று இப்போது தெரிந்துவிட்டது. நன்றி.’

அந்தக் கொமென்டைப் பக்கத்தின் உச்சியில் குத்தி வைத்தேன். என் எழுத்து ஒருவருக்கு ஆறுதல் கொடுத்துவிட்டதே! வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை, அவருடைய பக்கத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. பெயர் எழுதும் இடம் காலி. ஒரே வரி, பிரெஞ்சில்: ‘பதினொரு ஆட்டம் இல்லை. பன்னிரண்டு.’

தேடிப் பார்த்தேன். சரிதான். ஒரு கிண்ணப் போட்டியை நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். சந்தோஷமாகத் திருத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை, அதே பத்து மணி: ‘இரண்டாவது கோல் தலையால் அடித்தது. காலால் இல்லை.’ இரண்டு நாள் தேடி, ஒரு பழைய உள்ளூர்ப் பத்திரிகையில் கண்டுபிடித்தேன். தலையால்தான்.

மூன்றாவது சனிக்கிழமை: ‘அன்று மழை.’

இது எந்தப் பத்திரிகையிலும் இல்லை. எங்கள் தளத்தில் ஒரு விதி இருக்கிறது, யார் எதைச் சொன்னாலும் நாங்கள் கேட்கும் ஒரே கேள்வி. அதையே கேட்டேன்: ‘ஆதாரம்?’

ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. பதில் வந்தது.

‘நனைந்தேன்.’

வெளியில் நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கோ முதுகில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது. தளத்தை நடத்துகிறவர்களுக்கு மட்டும் தெரியும் பக்கத்துக்குள் போய், அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். பிரான்ஸ் என்றுதான் நினைத்தேன். இல்லை. லண்டன், குரொய்டன் பக்கம். நான் இருக்கும் அதே நகரம்.

நாலாவது சனிக்கிழமை இன்னும் மோசம்: ‘அன்று போட்டிருந்த சப்பாத்து என்னுடையதில்லை. கோல்காப்பாளரிடம் வாங்கியது. ஒரு சைஸ் பெரிது. முன்னுக்குக் கடதாசி அடைத்தேன்.’

அண்ணை பிளம்பிங் வேலை செய்பவன். எந்த விஷயத்தையும் குழாய் மாதிரித்தான் பார்ப்பான், எங்கே ஒழுகுது என்று. அவனிடம் சொன்னேன்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?”

“அண்ணை, ஒருத்தர் எனக்கு எழுதுறார். அவர் செத்து நாப்பது வருஷம்.”

“செத்த ஆளுக்கு வைஃபை ஆர் குடுத்தது?”

“பகிடி விடாத. உண்மையாத்தான் சொல்லுறன்.”

“செத்தவர் எண்டு ஆர் சொன்னது?”

“நான்தான்.”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை ஒரு முகவரி வந்தது, குரொய்டனுக்குப் பக்கத்தில் தோர்ண்டன் ஹீத்தில். கீழே: ‘மறைவு என்ற கட்டமும் பிழை. வந்து பார்.’

அண்ணை தன் வானை எடுத்தான். “ஒரு வேளை பேய் வீட்டில பைப் ஒழுகும், டூல்ஸும் கொண்டுபோவம்” என்றான்.

தமிழ்க் கடை ஒன்றின் மேல்மாடி அது. கடைக் கண்ணாடியில் மரண அறிவித்தல்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. கறுப்புச் சட்டங்களுக்குள் இருந்து முகங்கள் எங்களைப் பார்த்தன. அவற்றுக்குப் பக்கத்துக் கதவால் படி ஏறினோம். மேலே கதவு பாதி திறந்திருந்தது. தட்டினேன். சத்தமில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

நேரெதிர்ச் சுவரில் அதே படம். அதே முகம், அதே கறுப்புச் சட்டம், அதே இரண்டு தேதிகள்.

“எடியேய், வா, போவம்” என்று அண்ணை என் கையைப் பிடித்து இழுத்தான். அப்போது பின்னால், படியில், காலடிச் சத்தம். ஒவ்வொரு படியாக, மெதுவாக. திரும்பினோம். கையில் பால் போத்தலோடு அந்த முகம் ஏறி வந்துகொண்டிருந்தது. மாதக்கணக்காக நான் பார்த்துக்கொண்டிருந்த முகம், நாற்பது வயது கூடி, தலை நரைத்து, மூச்சு வாங்கியபடி.

‘கோப்பிக்குப் பால் இல்லை, அதுதான் கீழே போனேன்’ என்றார் பிரெஞ்சில்.

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, சுவரில் இருந்த படத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார். அது கிழியாத முழுப் பக்கம். நான் காணாத கீழ்ப்பாதியில் எழுதியிருந்தது: இந்த வீரருக்கு இன்று எங்களோடு கடைசி ஆட்டம், இனி இங்கிலாந்தில் ஒரு சின்னக் கழகத்தில் விளையாடப் போகிறார், வாழ்த்துகள். முதல் தேதி பிறந்த நாள். இரண்டாவது அன்றைய போட்டியின் தேதி. சட்டம் கறுப்பு, ஏனென்றால் அந்தக் கழகத்தின் நிறமே கறுப்பு. அந்த நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டுதான் நான் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் நேராகச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேனே என்றார். மார்கழியில் எழுதியிருக்கிறார்: ‘நான் உயிரோடு இருக்கிறேன்.’ அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. யாரோ பகிடி விடுகிறான் என்று இரண்டு நொடியில் டெலிட் பண்ணியது நான்தான். பத்து மணிக்கு நூலகம் திறந்ததும் முதல் கணினியில் உட்கார்ந்து எழுதுவாராம். செத்தவன் வந்து நான் சாகவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அதனால், இந்த ஆள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கிறது என்று முதலில் என்னை நம்பவைக்கத்தான் அந்தச் சின்னச் சின்னத் திருத்தங்கள்.

பிறகு எங்கள் தளத்தின் பக்கத்தை அச்சடித்த ஒரு தாளை எடுத்தார். உச்சியில் மகளின் கொமென்ட். அதற்குக் கீழே என் பதில். அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். கோபமாக இல்லை, கண்ணாடி கொண்டுவரவில்லை வாசித்துச் சொல் என்பது போல.

‘உங்கள் தந்தையின் ஆன்மா அமைதியடையட்டும்’ என்று நான் எழுதியதை, அந்தத் தந்தையின் முகத்தைப் பார்த்து வாசித்தேன். அந்த அறையில் என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இங்கிலாந்துக்கு வந்ததும் காயம், அதோடு விளையாட்டு முடிந்தது. வெறுங்கையோடு மனைவியிடம் திரும்பிப் போக வெட்கப்பட்டார். துணிவு வந்தபோது அவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள். மகள் தன்னைத் தேடுகிறாள் என்பதே அவருக்கு அந்தக் கொமென்டில்தான் தெரிந்தது. தேடுவதை நிறுத்திவிட்டாள் என்பதும் அதே வரியில்தான்.

மகளின் மின்னஞ்சல் முகவரி தளத்தை நடத்தும் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. அங்கேயே இருந்து எழுதினேன். நான் செய்த பிழை, டெலிட் பண்ணியது, எல்லாவற்றையும். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரே சொல்.

‘ஆதாரம்?’

அந்தச் சொல் வாங்குகிறவரை எப்படிக் குத்தும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மறுபடியும் தோர்ண்டன் ஹீத்துக்கு ஓடினோம். ஸ்டேஷனில் சும்மா கிடைக்கும் அன்றைய பேப்பரை அவர் நெஞ்சுக்கு நேரே பிடிக்க, நான் வீடியோ எடுத்தேன்.

“ஆளைக் கடத்தி வச்சிருக்கிற மாதிரியெல்லோ இருக்கு” என்றான் அண்ணை. என்ன சொன்னான் என்று அவர் கேட்க, நான் பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை வெட்டாமல், அவருடைய தொலைபேசி இலக்கத்தோடு மகளுக்கு அப்படியே அனுப்பினேன்.

ஒரு கிழமை ஒன்றுமே இல்லை. இரண்டாவது கிழமையும் இல்லை. கடைசிக் கதவையும் நானே மூடிவிட்டேன் என்று நினைத்து, சாப்பாடு இறங்காமல் திரிந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை, பத்து மணிக்குத் தளத்தில் ஒரு திருத்தம் வந்தது: ‘பிள்ளைகள் என்று ஒரு கட்டம் போடு. ஒன்று. மகள்.’

விதி விதிதானே. கேட்டேன்: ‘ஆதாரம்?’

‘பேசினாள்.’

நகல் எடுத்த தளங்களுக்கெல்லாம் எழுதினேன். இரண்டு திருத்தின. ஒன்று ஆதாரம் கேட்டது, தங்களுக்கு ஆதாரம் எங்கள் தளத்தின் பழைய பக்கம்தான் என்றது. மற்றவற்றில் அவர் இன்னமும் செத்துத்தான் கிடக்கிறார். இந்த வருஷமும் அந்தத் தேதியில் யாரோ மெழுகுதிரிப் படம் போட, அவரே என்னைக் கூப்பிட்டு, ‘இன்றைக்கு நான் போன நாள், கேக் வாங்கி வா’ என்றார்.

நான் இப்போதும் வீரர்களின் பக்கங்களை எழுதுகிறேன். ஆனால் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கையை எடுத்துவிடுகிறேன், அதற்குள் யாரோ மழையில் நனைந்துகொண்டு நிற்கலாம்.