சுவா தோட்டத்தில் குதிரைக்கு நாடி பிடித்த ஐந்து நாட்கள்

1931 மார்ச்சில், மலாயாவில், சுவா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஐந்து நாள் தங்கினேன். சுற்றிப்பார்க்கப் போகவில்லை. சிரம்பானில் ஒரு கால்நடை டாக்டரிடம் நான் உதவியாளன். அந்தத் தோட்டத்துத் துரையின் சவாரிக் குதிரைக்கு இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த டிஜிட்டாலிஸ் மருந்து வெக்கையில் வீரியம் இழந்துபோய், அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் பலனில்லை. கப்பலில் புதுச் சரக்கு வந்ததும், கூட்டிய அதே அளவில் ஐந்து நாள் கொடுத்து நாடியைக் குறித்து வரும்படி டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

காலை ஏழே காலுக்கு ரயில். போர்ட்டிக்சனுக்கு இருபத்து நாலு மைல், மூன்றாம் வகுப்பு ஐம்பது காசு. அங்கிருந்து ஒன்பது மைல் மாட்டுவண்டி. மழையில் செம்மண் குழைந்து கிடந்ததால் நாலு மணி நேரம் ஆயிற்று. போகிற வழியில் தோட்ட ஆஸ்பத்திரியில் இறங்கி, அவர்கள் கேட்டிருந்த அதே மருந்து ஒரு புட்டியை, அங்கே நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கும் டிரஸரிடம் கொடுத்தேன்.

குதிரையின் நாடியைத் தாடைக்கு அடியில் பிடிக்க வேண்டும்; நல்ல குதிரைக்கு நிமிடத்துக்கு முப்பதிலிருந்து நாற்பது இருக்கும். முதல் நாள் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. மறுநாள் நாற்பத்தெட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் காலை இருபத்தாறு. அதிலும் நடுநடுவே நின்று நின்று அடித்தது.

குதிரைக்காரர் சின்னையா லாயத்து வாசலில் நின்றார்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்தே புல்ல மோந்துட்டு விட்டுடுதுங்க ஐயா. இந்த மருந்து ஒத்துக்கலை. நிப்பாட்டிடுங்க."

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவே இல்லையே என்றார்.

துரையிடம் போனேன். தாளில் ஐந்து நாள் என்றுதானே இருக்கிறது என்றார் அவர். புதுச் சரக்கு முழு வீரியத்தோடு இருக்கிறது, பழையதற்குக் கூட்டிய அளவு இதற்கு விஷம், இன்னொரு வேளை கொடுத்தால் குதிரை பிழைக்காது, என் கையால் கொடுக்கமாட்டேன் என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரிப் புட்டி நினைவுக்கு வந்தது. ஒன்றரை மைல், பாதி ஓட்டம் பாதி நடை. அங்கே அஞ்சலை என்ற பால்மரத் தொழிலாளி, நெஞ்சுக் கோளாறில் கால் வீங்கிப் படுத்திருந்தார். பழைய மருந்துக்குக் கூட்டிய அதே அளவைத்தான் புதியதிலும் கொடுத்து வந்திருக்கிறார்கள். இரண்டு நாளாக வாந்தி. நோய் முற்றிவிட்டது என்று நினைத்திருந்தார் டிரஸர். நான் சொன்னதும், புட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஐந்தாம் நாள் குதிரை புல் தின்றது, நாடி முப்பத்தெட்டு. அஞ்சலை கஞ்சி குடித்தார். வீக்கம் வடியவில்லை, அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. சிரம்பானில் டாக்டர் என் குறிப்பை இரண்டு முறை படித்துவிட்டு, புட்டி போன மற்றத் தோட்டங்களுக்கெல்லாம் அன்றே கடிதம் எழுதச் சொன்னார். என்னைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் வண்டிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். புதுப் புட்டியைத் திறந்தால் கால் பங்கில் ஆரம்பியுங்கள். நாடி பிடிப்பதற்கு முன்னால், தீனி வைப்பவரிடம் குதிரை சாப்பிட்டதா என்று கேளுங்கள்.